ஸ்டேஷன் வரை வந்த சட்டம்… வாடகை வீட்டுக்கு எப்போது வரும்?

சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றி நடந்த வழக்குகளும், கிடைத்த உரிமைகளும், இன்னும் எழுதப்படாத மூன்று வரிகளும்

எஸ்.ஐ. வேலைக்கான விண்ணப்பத்தில் பாலினம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: ஆண், பெண். சேலத்துப் பட்டதாரி கே.பிரித்திகா யாஷினி ஒரு திருநங்கை. அவருக்கான கட்டம் அதில் இல்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் தலையிட்ட பிறகே தேர்வு எழுத முடிந்தது. அடுத்து உடல்தகுதித் தேர்வு. 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு விநாடியும் சொச்சமும் பிந்திவிட்டார் என்று அங்கேயும் நிறுத்தினார்கள். மறுபடியும் நீதிமன்றப் படி.

2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பு சொன்னது. அந்த ஒரு விநாடியைக் காட்டி அவரைத் தள்ளக் கூடாது, பணிக்கு எடுக்க வேண்டும், அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்துக்கு விண்ணப்பத்தில் இடம் இருக்க வேண்டும் என்றது உத்தரவு. வண்டலூர் போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்து, 2017 ஏப்ரலில் தர்மபுரியில் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்றார் பிரித்திகா. நாட்டிலேயே முதல் திருநங்கை எஸ்.ஐ. என்று எல்லாப் பத்திரிகைகளும் அவர் படத்தைப் போட்டன.

படத்தோடு வராத இன்னொரு செய்தி உண்டு. அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தியது அரசை மட்டும். இதே பிரித்திகா ஒரு ஜவுளிக்கடையிலோ நூற்பாலையிலோ வேலை கேட்டு, அங்கே தள்ளிவிட்டிருந்தால்? அன்றைக்கு அவர் கையில் எந்தச் சட்டமும் இருந்திருக்காது. தன்பாலீர்ப்புள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இன்றைக்கும் இல்லை. கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பால்புதுமையினருக்கு (திருநர், தன்பாலீர்ப்பாளர் முதலியோருக்கு) கிடைத்த உரிமைகள் அநேகமாக அத்தனையும் அரசின் கையைக் கட்டியவை. வீட்டுக்காரர், முதலாளி, விடுதி நடத்துபவர் ஆகிய மூவரின் வாசலில் சட்டம் நின்றுவிடுகிறது. சேலம், நாமக்கல் பக்கம் ஒருவருடைய வாழ்க்கை பெரும்பாலும் அந்த மூன்று வாசல்களுக்குள்தான் நடக்கிறது.

கரூர் கான்ஸ்டபிளும் இரண்டு நாள் இடைவெளியும்

பிரித்திகாவுக்கு முன்பே, காவிரிக்கு அக்கரையில் ஒரு வழக்கு. கரூர் மாவட்டக் காவல் துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்த ஒரு பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ‘இவர் பெண் அல்ல’ என்கிற மாதிரி அறிக்கை வந்தது. வேலை போனது. பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே சான்றிதழ்கள் பெற்றவர் அவர். சட்ட இதழில் அவருக்குக் கொடுக்கப்பட்ட பெயர் நங்கை.

2014 ஏப்ரல் 17 அன்று நீதிபதி எஸ்.நாகமுத்து அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்தார். ஒருவர் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கக் கட்டாயப் பரிசோதனைக்கு இழுத்துப் போவது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்றார். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 15 அன்றுதான், உச்ச நீதிமன்றம் ‘நால்சா’ வழக்கில் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்திருந்தது.

தமிழ்நாடு அரசு இதில் கொஞ்சம் முந்திக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரிலேயே, பாலின அடையாளத்தைக் காரணம் காட்டிப் பள்ளி, கல்லூரிகளில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று அரசாணை வந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கைகள் நலவாரியம் அமைந்தது. நாட்டில் அப்படி ஒரு வாரியம் அதுவே முதல். இன்றும் அந்தத் தேதியில்தான் தமிழ்நாடு திருநங்கையர் தினம் கொண்டாடுகிறது.

இவை எல்லாம் திருநர்களுக்கானவை. தன்பாலீர்ப்பாளர்களின் கதை வேறு பாதையில் போனது. அவர்கள் உரிமை கேட்பதற்கு முன்னால், குற்றவாளிகள் என்ற பட்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தது.

377: வந்தது, போனது, திரும்பி வந்தது

1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் தண்டனை வரை வைத்திருந்தது. கோர்ட்டுக்கு வந்த வழக்குகளைவிட, கோர்ட்டுக்கு வராத மிரட்டல்களுக்கே இந்தப் பிரிவு அதிகம் பயன்பட்டது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இரண்டு ஆண்களைப் பிடித்து, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று பணம் பறிக்க அந்த மூன்று இலக்கம் போதும். பிடித்தவர் போலீஸ்காரராகவும் இருக்கலாம், போலீஸ் மாதிரி நடிப்பவராகவும் இருக்கலாம். புகார் கொடுக்கப் போனால், கொடுத்தவரே குற்றவாளி.

2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தவர்கள் தனிமையில் விரும்பி வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. இடையில் கிடைத்த நாலரை ஆண்டுகளில் வீட்டில் உண்மையைச் சொன்னவர்கள் மறுபடி சட்டப்படி குற்றவாளிகளானார்கள். 2018 செப்டம்பர் 6 அன்றுதான் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பிடியை உடைத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 என்ற பிரிவே இல்லை.

குற்றமில்லை என்றாகிவிட்டது. அதனால் உரிமை வந்துவிட்டதா? நவ்தேஜ் தீர்ப்பு அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவைப் பற்றிப் பேசியது. ‘பாலினத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது’ என்பதற்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்று விளக்கம் தந்தது. ஆனால் 15-வது பிரிவின் முதல் உட்பிரிவு அரசை நோக்கியது. இரண்டாவது உட்பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி, கேளிக்கை இடங்களுக்குள் நுழையும் உரிமையைப் பேசுகிறது. வேலை தரும் தனியாரையும் வீடு தரும் தனியாரையும் நேரடியாகப் பிடிக்க, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ தனியாக ஒரு சட்டம் போட்டாக வேண்டும்.

‘பேசி முடிச்சுக்கலாம்’

கொங்கு நாட்டில் எந்தப் பிரச்சினைக்கும் முதல் வழி ‘பேசி முடிப்பது’. சொத்துத் தகராறு, காதல் தகராறு, பஸ்ஸில் இடத் தகராறு எல்லாம் அப்படித்தான். பெரிய மனிதர்கள் நாலு பேர் உட்காருவார்கள், ஸ்டேஷனில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பலவீனமானவர் பணிந்து போனதற்குச் சமாதானம் என்று பெயர்.

இந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று தெளிவாகச் சொன்ன தீர்ப்பு, நாமக்கல்லிலிருந்தே போன ஒரு விவகாரத்தில் வந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கிளம்பிய போராட்டத்தைத் தொடர்ந்து, 2015 ஜனவரியில் நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடத்தி அவரிடம் எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு எழுதிய அமர்வு கவுலும் புஷ்பா சத்தியநாராயணாவும். பிரித்திகாவை எஸ்.ஐ. ஆக்கிய அதே இருவர்.

நாவல் விவகாரத்துக்கும் தன்பாலீர்ப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் இரண்டு பெண்களுக்கு நடப்பதும் இதே ‘பேசி முடிப்பது’தான். பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுப்பார்கள். ஸ்டேஷனுக்கு அழைத்து வந்து, ‘அம்மா அப்பாவோட போம்மா’ என்று அனுப்புவார்கள். இருவரும் மேஜர் என்பது பேச்சிலேயே வராது.

2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் இப்படித்தான் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கு முன்முடிவுகள் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் தானே கவுன்சலிங் போனார். பிறகு ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். மேஜர்கள் விரும்பிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ‘காணவில்லை’ புகாரைப் போலீஸ் முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் செய்யும் மருத்துவர்கள் மீது நடவடிக்கை வேண்டும். காவல் துறை முதல் பள்ளிக்கூடம் வரை பயிற்சி வேண்டும்.

இந்த உத்தரவுக்குப் பலன் கிடைத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதி சேர்ந்தது. பால்புதுமையினரையோ, அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையோ எந்தப் போலீஸ்காரரும் தொந்தரவு செய்யக் கூடாது. செய்தால் துறை நடவடிக்கை. சட்டப்படியான விசாரணைக்குத் தடையில்லை என்ற விளக்கமும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை ‘மாற்றும்’ வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

விதி வந்ததும் ஸ்டேஷன்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 2025 மே மாதம் வேலூர் மாவட்டக் காவல் துறை தொடர்பான ஒரு வழக்கு சென்னைக்கு வந்தது. 25 வயதுப் பெண்ணை அவருடைய துணையிடமிருந்து பிரித்துப் பெற்றோரோடு போகச் செய்திருந்தார்கள். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அவரை விடுவித்தது. திருமணம்தான் குடும்பம் அமைக்க ஒரே வழி என்றில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. அந்தப் பெண் போலீஸிடம் உதவி கேட்டிருந்தும் கிடைக்கவில்லை என்பதையும் கண்டித்தது.

நாமக்கல் சொல்லிக்கொடுத்த பாடம்

தனியாரைக் கட்டுப்படுத்தும் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இந்தியாவில் சாத்தியமா? சாத்தியம். அதற்கான சாட்சி நாமக்கல்லிலேயே இருக்கிறது.

லாரியும் லாரிப் பட்டறையும் சேர்ந்து வளர்த்த ஊர் நாமக்கல். 1990-களில் எச்.ஐ.வி. அங்கே பல குடும்பங்களைத் தாக்கியது. லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்ட சில நாட்களில் தொற்று வந்து, அதை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் நாமக்கல்லின் கௌசல்யா. 1998-ல் அவரும் வேறு சில பெண்களும் சேர்ந்து எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் தொட மறுப்பது, வீட்டைக் காலி செய்யச் சொல்வது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காமல் விரட்டுவது என்று அவர்கள் பட்டதெல்லாம் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு சட்டத்தில் ஏறியது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. வேலை, படிப்பு, மருத்துவம், வாடகை வீடு, இன்சூரன்ஸ் எதிலும் யாரும் பாகுபாடு காட்டக் கூடாது. அரசும் கூடாது, தனியாரும் கூடாது. புகாரை விசாரிக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளர் உண்டு.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி 2018 செப்டம்பர் 10. தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்ற தீர்ப்பு வந்த நான்காவது நாள். ஒரே வாரத்தில் ஒரு தரப்புக்கு வீட்டுக்காரரையும் முதலாளியையும் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. இன்னொரு தரப்புக்கு ஜெயிலுக்குப் போகாமல் இருக்கும் உரிமை மட்டும் வந்தது.

இதற்கும் வெகுநாள் முன்பே, டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவரைத் தண்டிக்க 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. ‘என் கடை, என் இஷ்டம்’ என்ற வாதத்தை இந்தியச் சட்டம் அன்றைக்கே ஏற்கவில்லை.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

திருநர்களுக்கு 2019-ல் மத்திய சட்டம் வந்தது. 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கும் வந்தது. வேலை, கல்வி, மருத்துவம், குடியிருப்பு எல்லாவற்றிலும் பாகுபாடு கூடாது என்றது. சான்றிதழுக்குக் கலெக்டர் அலுவலகம் போக வேண்டியிருந்ததும், திருநர் மீதான பாலியல் கொடுமைக்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாததும் வந்த நாளிலேயே எதிர்ப்பைக் கிளப்பின. அமலாக்கமும் நொண்டியது. திருநங்கை ஆசிரியை ஒருவரை உத்தரப் பிரதேசத்தில் ஒரு தனியார் பள்ளி வெளியேற்றி, குஜராத்தில் இன்னொரு பள்ளி வேலையில் சேர்க்க மறுத்த வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. சட்டத்தை அரசுகள் கிடப்பில் போட்டதாகக் கடிந்துகொண்டது. ஆனாலும் ஒரு சட்டம் இருந்ததால்தான் அவர் வழக்குப் போட முடிந்தது.

அரசியலிலும் திருநர்களுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. 2020 ஜனவரியில் எண்ணப்பட்ட ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்குகளில், திருச்செங்கோடு ஒன்றியத்தின் 2-வது வார்டில் தி.மு.க.வின் ரியா ஒன்றியக் கவுன்சிலராக வென்றார். திருநங்கை ஒருவர் அந்தப் பதவிக்கு வருவது தமிழ்நாட்டில் அதுவே முதல்முறை. இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரரைச் சாட்சிக்கு இழுக்காத பேச்சாளர் கிடையாது. வெயிலில் வீதி வீதியாகப் போய் வாக்குக் கேட்டது ரியா. போட்டது அந்த வார்டு மக்கள்.

தன்பாலீர்ப்புள்ள ஆணோ பெண்ணோ இப்படி ஊரறிய நிற்பது கடினம். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் தறி ஓட்டுபவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவர், சேலத்துக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவர், ஜவ்வரிசி ஆலையில் கூலி வேலை பார்ப்பவர் யாராக இருந்தாலும் வேலை உறவுக்காரர் மூலமாகவோ ஊர்க்காரர் மூலமாகவோதான் கிடைக்கிறது. அட்வான்ஸ் வாங்கியிருப்பார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை, வீடு, சொந்தம் மூன்றும் ஒன்றாகப் போகும். நூற்பாலைப் பெண்ணுக்கு ஹாஸ்டலும் ஆலையும் ஒரே வளாகம். வார்டன் சந்தேகப்பட்டால் அன்று ராத்திரியே பெட்டி கட்ட வேண்டியதுதான். எந்தப் பிரிவின் கீழ் புகார் கொடுப்பார்?

மாநில அரசு 2025 ஜூலை 31 அன்று வெளியிட்ட கொள்கையும் திருநர்களுக்கானது. தன்பாலீர்ப்பாளர்களுக்கான கொள்கைக்கு இன்னும் காத்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் யோசனையாகச் சொன்ன ‘குடும்பக் கூட்டுறவுப் பத்திரம்’, அதாவது இருவர் ஒரு குடும்பமாக வாழ்வதைப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு, சட்டமாகவில்லை.

கவுல் மறுபடியும் வருகிறார்

2023 அக்டோபர் 17. தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்ற ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன நாள். திருமணம் அடிப்படை உரிமை அல்ல, நாடாளுமன்றம்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். திருமணத்துக்கு வெளியே ஓர் இணைவு உரிமையாவது தரலாம் என்றவர்கள் இருவர். தலைமை நீதிபதி சந்திரசூட் ஒருவர், இன்னொருவர் சஞ்சய் கிஷன் கவுல். 3-க்கு 2 என்ற கணக்கில் அதுவும் தோற்றது.

கவுல் தனியாக எழுதிய தீர்ப்பில் திருமணத்தைத் தாண்டி ஒன்றைச் சொன்னார். பாலீர்ப்பு உள்பட எல்லாக் காரணங்களாலும் வரும் பாகுபாட்டைத் தடுக்க நாட்டுக்கு ஒரு தனிச் சட்டம் வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் பெண்ணாக, தலித்தாக, தன்பாலீர்ப்பாளராக இருக்கலாம், சட்டம் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றார். சேலத்துப் பிரித்திகாவின் வழக்கைக் கேட்டவர் எட்டு ஆண்டு கழித்து டெல்லியில் எழுதியது இது.

அதன் பிறகு வந்தவை சின்னச் சின்னத் தளர்வுகள். தன்பாலினத் துணைவர்கள் வங்கியில் கூட்டுக்கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் தடையில்லை, ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. நல்லதுதான். ஆனால் ரேஷன் அட்டைக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வாடகை வீடு வேண்டும்.

எழுத வேண்டிய மூன்று வரிகள்

அமெரிக்காவில் இந்தக் கதை உள்ளாட்சிகளில் தொடங்கியது. 1972-லேயே மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங், ஆன் ஆர்பர் நகர மன்றங்கள் தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடை செய்தன. சேலத்துக்கு 1866-லிருந்தே நகராட்சி இருக்கிறது, 1994-ல் மாநகராட்சியும் ஆனது. ஆனால் நம் உள்ளாட்சிகளுக்குக் குடிநீர், குப்பை, வரி, லைசென்ஸ் தாண்டி உரிமைச் சட்டம் எழுதும் அதிகாரம் இல்லை. நம் ஊரில் பேனா சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. டெல்லிக்காகக் காத்திருக்காமல் அது செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, கடை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்களுக்காக, 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை கட்டாயம் என்று ஒரு பிரிவு சேர்த்தது இதே சட்டமன்றம். அதே சட்டத்தில், பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலை மறுக்கவோ நீக்கவோ கூடாது என்று இன்னொரு பிரிவு சேர்க்கலாம்.

இரண்டு, வீடு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. ‘ஃபேமிலிக்குத்தான் வீடு’ என்ற பலகைக்குப் பின்னால் என்னென்ன காரணங்களுக்காக வீடு மறுக்கக் கூடாது என்று அதில் எழுதலாம். சாதிக்கும் மதத்துக்கும் அதே வரி உதவும்.

மூன்று, விடுதி. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 சட்டப்படி ஒவ்வொரு மகளிர் விடுதிக்கும் கலெக்டரிடம் பதிவு வேண்டும். பதிவின் நிபந்தனைகளோடு ஒன்றைக் கூட்டினால் ஆலை ஹாஸ்டல் பெண்ணுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

எதிர்ப்பு வராதா? வரும். ‘நம்ம பண்பாட்டுக்கு இது ஆகாது’ என்பார்கள். 24-சி விதிக்குக் கலாச்சாரம் கவிழ்ந்துவிடவில்லை. போலீஸ்காரர் கை கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான். இன்னொரு எதிர்வாதம் கனமானது: பயத்தால் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை, பிறகு சட்டம் எதற்கு? எச்.ஐ.வி. சட்டத்தைப் பற்றியும் இதையே கேட்கலாம். புகாரின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சட்டத்தை அளக்க முடியாது. மறுப்பவர் மறுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்தாலே சட்டம் பாதி வேலையை முடித்துவிடும். மீதிப் பாதிக்கு, பெயரை வெளியிடாமல் விசாரிக்கும் ஏற்பாடு வேண்டும். நங்கைக்குச் சட்ட இதழ் செய்ததை ஒரு தொழிலாளர் ஆய்வாளரும் செய்யலாம்.

சேலம் மாவட்டத்துக்கு 11 சட்டமன்றத் தொகுதிகள், நாமக்கல்லுக்கு 6. அந்த 17 எம்.எல்.ஏ.க்களில் யார் வேண்டுமானாலும் இந்த மூன்று திருத்தங்களைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம், குறைந்தபட்சம் ஒரு கேள்வியாகவாவது எழுப்பலாம். இதுவரை ஒவ்வொரு உரிமைக்கும் ஓர் ஆள் தன் வாழ்க்கையையே வழக்காக்கி, கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அடுத்த உரிமையையாவது மக்கள் பிரதிநிதிகள் கேட்டு வாங்கித் தரட்டும். அதற்காகத்தான் அவர்களுக்கு ஓட்டுப் போட்டோம்.